நாற்பத்தேழு தொடர்புகளும் ஒன்பதாம் விதியும்

பாறசாலை
24 ஆகஸ்ட் 2024

மோகனன் அறிய,

உம்முடைய சங்கத்து நோட்டீஸ் கிடைத்தது. தபால்காரர் வாசலில் நின்றே, "அம்மச்சி, கவர்மென்ட் கடுதாசியா?" என்று கேட்டார். "இல்ல மக்கா, கவர்மென்டைக்காட்டிலும் பெரிய ஒருத்தனுக்க கடுதாசியாக்கும்" என்றேன். மலையாளத்தில் இருந்ததால் என் மகன் பெண்டாட்டி ஜிஜி வாசித்துச் சொன்னாள். வாசிக்கும்போது அவள் சிரித்தாள். அதையும் உம்முடைய பெயரில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி நடந்த இரண்டு மீட்டர் அலைவரிசை ரேடியோ போட்டிக்கு நான் அனுப்பிய லாக்கை, யார் யாரோடு எப்போது பேசினேன் என்ற கணக்கை, நீர் 'செக் லாக்' ஆக்கிவிட்டீராம். மற்றவர்கள் என்னோடு பேசியதாக எழுதினது சரியா என்று பார்க்க என் லாக் வேண்டும். ஆனால் நான் போட்டியில் இருந்ததாக எங்கேயும் வராது. கறிவேப்பிலையா நான்?

எனக்கு எழுபத்தொரு வயது. ஜிஜி ஓட்ட, பழைய ஆம்னி வேனில் ஆன்டெனாவை நட்டுக்கொண்டு, காலை எட்டு மணி முதல் மதியம் இரண்டு மணி வரை பாறசாலை, தனுவச்சபுரம், காரக்கோணம், வெள்ளறடை, அம்பூரி என்று வரைபடத்தின் ஐந்து கட்டங்களில் ஓடினேன். அம்பூரிக் கட்டத்தில் ரேடியோ வைத்திருக்கிற ஆள் ஒருவரும் கிடையாது. நான் அங்கே ஏறிப் பேசினதால்தான் கீழே வீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கட்டத்தின் மதிப்பெண் கிடைத்தது. நாற்பத்தேழு தொடர்பு. பனச்சமூட்டில் வண்டி தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கி ஏறின ஐந்து நிமிடம், போட்டி கேரளத்துக்கு உள்ளே மட்டும் என்பதால் மைக்கைக் கையால் தொடவில்லை. மூன்று பேர் கூப்பிட்டார்கள், வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அதை எந்த லாக்கில் எழுதுவீர்?

ஒன்பதாம் விதியாம். "ஒவ்வொரு தொடர்பையும் இயக்குபவர் தம் கைப்பட, அந்தந்த நேரத்திலேயே எழுத வேண்டும்." நான் வீட்டுக்கு வந்து, குளித்து, கஞ்சி குடித்துவிட்டு எழுதினேன். உள்ளதைச் சொல்லுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகத்தான் எழுதுவேன். குன்னத்துக்கால் வளைவில் வண்டி போகும்போது எழுது என்றால் பேனா என் கண்ணில்தான் ஏறும்.

முறையீடு தபாலில் மட்டும் என்று பதினாறாம் விதி. ரேடியோவில் சண்டை போடக்கூடாது என்று லைசென்ஸ் சட்டம். ஆகவே எழுதுகிறேன். என் லாக்கை எடுத்த இடத்தில் திரும்ப வையும்.

2011ஆம் வருஷம் நான் லைசென்ஸ் பரீட்சைக்கு விண்ணப்பம் கொண்டுவந்த அன்று நெய்யாற்றங்கரை பஸ் ஸ்டாண்டில், நீல நிறக் கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு, நாலு பேர் கேட்க நீர் சொன்னது: "அம்மச்சிமாருக்கு ஜெபக்கூட்டம் ஒண்ணும் இல்லியா?" நான் அதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

செல்லபாய்


நெய்யாற்றங்கரை
29 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய செல்லபாய் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் படித்ததும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான். எனவே பதிலைத் தமிழிலேயே தருகிறேன். இனி நோட்டீஸும் தமிழில் வரும்.

பஸ் ஸ்டாண்டில் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சத்தியம் செய்ய முடியாது. அப்படி ஒரு நீலச் சட்டை என்னிடம் இருந்தது உண்மை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தொன்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் நான். ஒரு தாளைப் பார்த்தால் அது எங்கே எழுதப்பட்டது என்று தெரியும். உங்கள் லாக்கில் ஒரே மை, நேரான வரிசை, ஓர் அடித்தல்கூட இல்லை. ஓடுகிற வண்டியில் யாரும் அப்படி எழுத முடியாது. கமிட்டியில் ஒருவர், "இது வேறு யாருடைய லாக்கையோ பார்த்து எழுதினது" என்றார். நான் அதை ஏற்கவில்லை. ஆனால் மறுக்கவும் என் கையில் ஒன்றும் இல்லை.

அதனால்தான் செக் லாக் என்று வைத்தேன். தகுதி நீக்கம் என்றால் உங்கள் பெயர் காரணத்தோடு எல்லாரும் பார்க்க வெளிவரும். அது வேண்டாம் என்று நினைத்தேன். செக் லாக் என்றால் உங்களுக்கும் மானக்கேடு இல்லை, உங்களோடு பேசின பத்தொன்பது பேருக்கும் மதிப்பெண் போகாது.

நாற்பத்தேழு தொடர்புகளை, அதுவும் நேரம், கட்டம், அவரவர் கொடுத்த வரிசை எண் எல்லாவற்றோடும், ஒருவர் மனதில் வைத்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. மன்னிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய லாக்கின் நகல் உங்களிடம் இல்லை என்று ஜிஜி ஃபோனில் சொன்னாள். அப்படியானால் 5, 12, 23, 31, 44 ஆகிய ஐந்து தொடர்புகளை மட்டும் எழுதி அனுப்ப முடியுமா?

முடிவு செப்டம்பர் முப்பதாம் தேதி வெளியாகும்.

மோகனன்
போட்டி நடுவர்


பாறசாலை
3 செப்டம்பர் 2024

மோகனன் அறிய,

முடியுமா என்று கேட்கிறீர். உட்கார்ந்து கேளும்.

எங்கள் சபையில் நான் சின்னவளாக இருந்தபோது பெண்கள் பக்கம் பன்னிரண்டு பெஞ்சு. பெஞ்சுக்கு நாலு பேர். எவள் எங்கே இருப்பாள் என்பது பாதிரியாரால்கூட மாற்ற முடியாதது. இடம் மாறி உட்கார்ந்ததற்காக இரண்டு குடும்பம் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தது. அந்த நாற்பத்தெட்டு இடமும் எனக்குக் கண்ணை மூடினால் தெரியும். ரேடியோவில் ஒருத்தர் பேசி முடித்ததும் அவரைக் கொண்டுபோய் அடுத்த இடத்தில் உட்கார வைப்பேன். அவருடைய எண்ணையும் நேரத்தையும் மடியில் கொடுத்துவிடுவேன். அவ்வளவுதான் வித்தை.

ஐந்து: இரண்டாம் பெஞ்சு, முதல் இடம். பாறசாலை ஒர்க்ஷாப்பு சானு. 8.26. நான் பாறசாலைக் கட்டம். அவன் கொடுத்த எண் ஒன்பது. பின்னால் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு: மூன்றாம் பெஞ்சு, கடைசி இடம். காஞ்சிரங்குளத்துத் தையல்காரர். 9.14. தனுவச்சபுரம் கட்டம். எண் ஏழு. "அம்மச்சி, இன்னும் ஒருக்கா சொல்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டார்.

முப்பத்தொன்று: எட்டாம் பெஞ்சு, மூன்றாவது இடம். உங்கள் சங்கத்து ராபின்சன். 11.52. வெள்ளறடை. எண் முப்பத்தெட்டு. எண்ணைச் சொல்லிவிட்டு இருமினான்.

நாற்பத்துநாலு: பதினொன்றாம் பெஞ்சு, கடைசி. திரும்பவும் சானு. 1.33. அம்பூரி. எண் அறுபத்தொன்று. அம்பூரிக் கட்டம் கிடைத்த சந்தோஷத்தில் கத்தினான், என் காது இன்னும் சரியாகவில்லை.

இனி இருபத்துமூன்று. ஆறாம் பெஞ்சு, மூன்றாவது இடம், ஞானப்பூவுக்கு உரியது. ஞானப்பூ பிரசங்கம் முடிகிற நேரத்தில்தான் உள்ளே வருவாள். அந்த இடத்தில் நீர் இருக்கிறீர். 10.41. காரக்கோணம் கட்டம். நீர் தந்த எண் இருபத்தேழு. அதற்கு முன்னால் நான் இருந்த இரண்டு கட்டத்திலும் நீர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. காரக்கோணத்தில் ஜிஜி, "மாமி, பாவம் அந்த மனுஷன் தொண்டை கீறக் கூப்பிடுகு. ஒரு தடவை எடுங்க" என்றாள். அதனால் எடுத்தேன். அதன் பிறகும் எடுக்கவில்லை. கட்டத்துக்கு ஒரு தடவை பேசலாம் என்பது ஆறாம் விதி. பேசியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

நாற்பத்தெட்டாவது இடம் என்னுடையது. அதில் யாரையும் வைக்கவில்லை.

போதுமா? மிச்சம் நாற்பத்திரண்டையும் கேளும், தபால்தலைதான் நஷ்டம்.

செல்லபாய்


நெய்யாற்றங்கரை
9 செப்டம்பர் 2024

அன்புள்ள செல்லபாய் அக்காவுக்கு,

ஐந்தையும் மற்றவர்களுடைய லாக்கோடு ஒத்துப் பார்த்தேன். பிறகு மனம் கேட்காமல் நாற்பத்தேழையும் பார்த்தேன். நீங்கள் எழுதி அனுப்பின ஐந்தில் நாலு சரி. மீதி ஒன்று, என்னுடையது, இடிக்கிறது. என் லாக்கில் 10.37. நீங்கள் 10.41 என்கிறீர்கள்.

முதலில் சந்தோஷப்பட்டேன். சொல்லாமல் மறைக்க விரும்பவில்லை, சந்தோஷம்தான் பட்டேன். 'அக்காவுக்கும் தப்பும்' என்று நினைத்தேன். பிறகு அன்றைக்கு நான் பேசின மற்றவர்களுடைய லாக்கைப் பார்த்தேன். எல்லாரோடும் நான் நாலு நிமிடம் பின்னால் இருக்கிறேன். என் ரேடியோ மேசைக்கு மேலே உள்ள சுவர்க்கடிகாரம் பிந்தி ஓடுகிறது. எத்தனை போட்டியாக அப்படி என்று தெரியவில்லை. எழுதினதெல்லாம் அந்தந்த நேரத்தில், என் கைப்பட, விதிப்படி, எல்லாமே பிழை.

நாற்பத்தேழில் நாற்பத்தேழும் உங்களுக்குச் சரி. இப்படி ஒரு லாக்கை என் ஆயுளில் பார்த்ததில்லை. சந்தேகப்பட்டதற்கு வருந்துகிறேன்.

ஆனால் அக்கா, ஒன்பதாம் விதி அப்படியே நிற்கிறது. அது உங்களுக்காக எழுதினது இல்லை. நாளைக்கு ஒருவன் சாயங்காலம் நாலு பேருக்கு ஃபோன் செய்து கேட்டு எழுதிவிட்டு, "எனக்கும் மனப்பாடம்" என்பான். அவனை எதை வைத்து நிறுத்துவேன்?

ஒரு வழி உண்டு. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். "வண்டியில் துண்டுக் காகிதத்தில் குறிப்பு எடுத்தேன், வீட்டுக்கு வந்து நகல் எழுதிய பின் அதைக் களைந்துவிட்டேன்" என்று இரண்டு வரி. கையெழுத்துப் போட்டு இருபதாம் தேதிக்குள் அனுப்புங்கள். கமிட்டி ஏற்கும்; பேசிவிட்டேன். வண்டியில் ஓடும் நிலையங்களில் நீங்கள்தான் முதலிடம். கோப்பை உங்கள் வீட்டுக்கு வரும். யாருக்கும் தீங்கில்லை.

தங்கள் தம்பி,
மோகனன்


பாறசாலை
13 செப்டம்பர் 2024

மோகனன் அறிய,

தாள் கிடைத்தது. திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லை, தேடாதேயும்.

துண்டுக் காகிதமா? எனக்கு அந்த வண்டியில் காகிதம் இருந்தது வெற்றிலை மடித்த காகிதம் ஒன்றுதான். அதையும் வெள்ளறடையில் கசக்கி எறிந்தேன்.

நீர் என்ன செய்யச் சொல்லுகிறீர் என்று உமக்கே தெரிகிறதா? நான் செய்ததைச் செய்யவில்லை என்று எழுத வேண்டும். செய்யாததைச் செய்தேன் என்று எழுத வேண்டும். அப்போது நான் யோக்கியமானவள். நாலு நிமிடம் பிழையாக எழுதின உம்முடைய தாளுக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் ஐந்து நிமிடம் வரை பிழை இருக்கலாம் என்று பதினோராம் விதி. ஒரு நிமிடமும் பிழையாமல் சொன்ன என் தலைக்கு மதிப்பு கிடையாது. விதி எழுதினது நீங்கள் எல்லாரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. ஓடுகிற வண்டியில் ஒருத்தர் வருவார் என்றே நினைக்கவில்லை. வந்தபோது, இவள் வட்டம் சுற்றி மதிப்பெண் விளைவிக்கிறாள் என்று சங்கத்து வாட்ஸாப் குரூப்பில் முறுமுறுத்தீர்கள். வட்டம் சுற்றினதில் விளைந்ததெல்லாம் உங்கள் வயலில்தானே?

இப்போது நான் சொல்லுவதைக் கேளும். எனக்கு கோப்பை வேண்டாம். செக் லாக்கும் வேண்டாம். ஒன்று நான் அன்றைக்கு ரேடியோவில் இருந்தேன், அல்லது இல்லை. இருந்தேன் என்றால் முழுதாகச் சேரும். இல்லை என்றால் தகுதி நீக்கம் என்று எழுதும். காரணத்தையும் எழுதும்: "காகிதம் இல்லை, மனதில் வைத்து வீட்டில் எழுதினார்." என் பெயர் எல்லாரும் பார்க்க வரட்டும். மானக்கேடு எனக்கில்லை.

அப்படி எழுதினால் பதினான்காம் விதி உண்டல்லவா? தகுதி நீக்கப்பட்ட நிலையத்தோடு பேசின தொடர்பு யாருக்கும் செல்லாது. நாற்பத்தேழையும் வெட்டும். நான் பேசவில்லை என்றால் என்னோடு யாரும் பேசவில்லை.

இது என் முறையீடு. இருபதாம் தேதிக்கு முன்னால் வருகிறது, கவனித்துக்கொள்ளும்.

ஓணத்துக்கு உம்முடைய வீட்டில் எல்லாருக்கும் சுகம் உண்டாகட்டும். அது வேறு, இது வேறு.

செல்லபாய்


நெய்யாற்றங்கரை
19 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கமிட்டியில் வாசித்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நீங்கள் கேட்டது விதிப்படி சரி. செக் லாக் என்பது அனுப்புகிறவர் சம்மதித்தால்தான். நீங்கள் சம்மதிக்கவில்லை. தகுதி நீக்கம் என்றால் தொடர்புகளை வெட்ட வேண்டியதுதான். வெட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வீட்டு நிலையங்களில் இப்போது முதலிடம் சானு. இரண்டாவது ராபின்சன். மூன்றாவது நான். சானு உங்களோடு ஐந்து கட்டத்திலும் பேசியிருக்கிறான். அவையும், அம்பூரிக் கட்டத்தின் மதிப்பெண்ணும் போனால், அவன் ஐந்தாம் இடத்துக்கு இறங்குகிறான். ராபின்சனுக்கு நாலு தொடர்பு போகும். எனக்குப் போவது ஒன்றே ஒன்று, அந்தக் காரக்கோணம். நீங்கள் என்னோடு பேசாமல் இருந்ததால் எனக்கு இழக்க ஒன்றும் இல்லை.

முதலிடம் எனக்கு வருகிறது.

நடுவர் தன் பேனாவால் ஒரு வயதான ஸ்திரீயை வெட்டிவிட்டுத் தானே முதலிடத்தில் ஏறினான் என்று பாறசாலை முதல் பாலராமபுரம் வரை சொல்லுவார்கள். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் சரி. சானு இருபது வருடமாக ஜெயிக்கப் பார்க்கிற ஆள். அவன் உங்களுக்கு என்ன செய்தான்? தகுதி நீக்கத்தால் அடிபடுவது விதியை எழுதினவர்கள் இல்லை, உங்களைக் கூப்பிட்டுப் பேசினவர்கள்.

அந்தத் தாளை மறுபடியும் வைக்க எனக்குத் தைரியமில்லை. செக் லாக்குக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

யோசியுங்கள் அக்கா.

மோகனன்


பாறசாலை
23 செப்டம்பர் 2024

மோகனன் அறிய,

நீர் எழுதின கடுதாசி வருவதற்கு முன்னாலேயே சானு வந்துவிட்டான். ஒர்க்ஷாப்புக் கரி கையோடு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"அம்மச்சி, ஒரு கையெழுத்துத்தானே. போட்டுத் தாங்க."

"என்னத்துக்குலே?"

"எனக்கு கோப்பை, உங்களுக்கும் கோப்பை. ரெண்டு வீட்டுலயும் சந்தோஷம்."

"நீ எனக்கிட்ட அஞ்சு தடவை பேசினியா இல்லியா?"

"பேசினேன். சத்தியமாட்டு பேசினேன்."

"பேசினது யாருகிட்ட?"

"உங்ககிட்டதான்."

"பொய் எழுதாத அந்த நான் லிஸ்டுல உண்டுமா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"எலே, நான் இல்லாத லிஸ்டுல நீ எனக்க மதிப்பெண்ணை வச்சுகிட்டு முதல்ல நிப்பியா? உனக்கு உறைக்காதா?"

"உறைக்கும் அம்மச்சி. ஆனா இருபது வருஷமாச்சு" என்றான்.

கட்டன் சாயா போட்டு வைத்தேன், குடிக்காமல் போய்விட்டான். அவன் போன பிறகு ஜிஜி அடுக்களையிலிருந்து கேட்டாள்: "மாமி, ரோஷம் உங்களுக்கு. நஷ்டம் அவனுக்கா?" அவள் வாயை நான் கட்ட முடியாது, வண்டிச் சாவி அவள் கையில்.

இரண்டு நாள் யோசித்தேன். நீர் கேட்டபடிதான்.

நான் உம்மோடு பேசாமல் விட்டது என் பிழை. போட்டியில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கோ கிடக்கிற கோபத்தை மைக்குக்குள் கொண்டுவரக் கூடாது. நாலு கட்டத்தில் உமக்குப் பதில் சொல்லியிருந்தால் இன்று உமக்கும் ஐந்து வெட்டு விழும், முதலிடமும் வராது, ஊர் வாயும் வராது. அந்தப் பழி என்னால் வந்தது. இதை எழுதி வைக்கிறேன். கோபம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

ஆனால் சம்மதம் தரமாட்டேன். நான் சம்மதித்தால் ஒன்பதாம் விதி ஒருவருக்கும் உறுத்தாமல் அப்படியே கிடக்கும். அடுத்த வருஷம் இன்னொருத்தி வண்டியில் ஏறுவாள், அவளுக்கும் துண்டுக் காகிதத்தைக் கொடுப்பீர்கள். வெட்டு எல்லாருக்கும் விழட்டும். வலித்தால்தான் விதியை எடுத்து வாசிப்பார்கள்.

அச்சடியும். காரணத்தில் ஒரு சொல்லும் குறையக்கூடாது.

செல்லபாய்


நெய்யாற்றங்கரை
22 அக்டோபர் 2024

அன்புள்ள செல்லபாய் அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே முப்பதாம் தேதி வெளியிட்டேன். பட்டியலின் கீழே தனி வரியில்: "செல்லபாய், ஓடும் நிலையம். 47 தொடர்புகள். தகுதி நீக்கம், விதி 9. காகிதம் இல்லை, மனதில் வைத்து வீட்டில் எழுதினார். சரிபார்த்ததில் 47க்கு 47ம் சரி." கடைசி வாக்கியம் நான் சேர்த்தது. ஒரு சொல்லும் குறையக்கூடாது என்றீர்கள். கூடக்கூடாது என்று சொல்லவில்லை.

என் லாக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நான் செக் லாக்குக்குச் சம்மதித்தேன். இது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். கோப்பை ராபின்சனுக்கு. அவன் வாங்க வந்தபோது, "இது எனக்க கோப்பையா சாரே, இல்ல அந்த அம்மச்சி போட்ட பிச்சையா?" என்று கேட்டான். "வாங்கிட்டுப் போடே" என்றேன்.

குரூப்பில் இரண்டு நாளில் இருநூறு செய்தி. உங்களைத் திட்டினவர்கள் பாதி, என்னைத் திட்டினவர்கள் பாதி. மூன்றாம் நாள் முதல் ஒன்பதாம் விதியைத் திட்ட ஆரம்பித்தார்கள். சானு பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி விசேஷக் கூட்டம் கேட்டான். நேற்று முன்தினம், ஞாயிறு மூன்று மணிக்கு, இங்கே நூலக மாடியில் நடந்தது. உங்களுக்கும் அழைப்பு அனுப்பினேன். நீங்கள் வரவில்லை. தகுதி நீக்கப்பட்டவருக்கு ஓட்டு இல்லை என்பதால் வரவில்லை என்று ஜிஜி சொன்னாள்.

சானு கொண்டுவந்த தீர்மானம்: ஓடும் நிலையங்கள் அன்று இரவுக்குள் லாக்கை எழுதினால் போதும். நான் எழுந்து எதிர்த்தேன். "எலெக்ஷன் முடிஞ்சு வோட்டுப் பெட்டிய வீட்டுக்குக் கொண்டுபோகலாமுண்ணு சொல்லுகது போலாக்கும் இது" என்றேன். சானு எழுந்து கையை ஓங்கினான். "அப்போ செல்லபாய் அம்மச்சி கள்ளியா?" "இல்லை. அவங்க கள்ளி இல்லைண்ணு எனக்குத் தெரியும். அடுத்து வாறவன் யாருண்ணு தெரியாது" என்றேன்.

அதன் பிறகு நான் ஒரு திருத்தம் வைத்தேன். மனதில் லாக் வைக்கிற ஓடும் நிலையம், போட்டி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள், யாருடைய லாக்கையும் பார்க்காமல், யாருக்கும் ஃபோன் செய்யாமல், சங்கத்தார் இரண்டு பேர் முன்னால் முழு லாக்கையும் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதுவார்கள். சொன்னதுதான் லாக். பிறகு திருத்த முடியாது. பதினேழுக்கு நாலு என்று நிறைவேறியது. ஜனவரி போட்டியிலிருந்து நடைமுறைக்கு வரும்.

கடினமான விதி என்று தெரியும். ஆறு மணி நேரம் மலையில் ஓடிவிட்டு, இறங்கினதும் மூச்சு வாங்காமல் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒப்பாகுமா என்று தெரியவில்லை. ஒப்பாவதற்காக நான் அதை எழுதவும் இல்லை.

மோகனன்


பாறசாலை
28 அக்டோபர் 2024

மோகனன் அறிய,

புதிய விதியை ஜிஜியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். தமிழில் இருந்ததால் நாலாம் தடவை நானே வாசித்தேன்.

ஒரு மணி நேரம் எதற்கு? ஒரு மணி நேரத்தில் ஒருத்தன் நாலு பேரைப் பார்த்துக் கேட்டுவிடுவான். அரை மணி நேரம் என்று எழுதும். எனக்கு அது தாராளம். நீர் சொன்னபடி அடுத்து வருகிறவன் யாரென்று தெரியாதல்லவா, இடைவெளியை ஏன் விட்டீர்?

மற்றபடி, நல்ல விதி. யாரும் யாருக்கும் தயவு செய்யவில்லை. என்னை நம்பு என்று நான் கேட்க வேண்டியதில்லை, நம்பினேன் என்று நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாலு ஓட்டு யாருடையது என்றும் எனக்குத் தெரியும். சானு சொல்லிவிட்டான். இப்போது அவன் சாயா குடிக்கிறான்.

ஜனவரி பதினோராம் தேதி, இரண்டாம் சனி, மதியம் இரண்டு மணிக்கு என் வண்டி அம்பூரியில் நிற்கும். நான் இறங்கி வர மாட்டேன். விதியில் எங்கே சொல்ல வேண்டும் என்று இல்லை. கேட்கிற இரண்டு பேர் மேலே ஏறி வரட்டும். வளைவு அதிகம், வயிறு நிறையத் தின்றுவிட்டு வர வேண்டாம் என்று சொல்லும். இந்தத் தடவை அறுபதுக்குக் குறையாமல் பேசுவேன். சபையில் ஆண்கள் பக்கத்தையும் திறந்து வைத்திருக்கிறேன்.

ஒருத்தர் யார் வேண்டுமானாலும் இருக்கட்டும். சானு, ராபின்சன், உங்கள் கமிட்டியில் என்னைக் கள்ளி என்று சொன்ன அந்த ஆள், யாரானாலும் சரி.

மற்றவர் நீராக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல பேனாவைப் பிடிக்கிறது நீர்தான். வேறு ஒருவர் எழுதினால் சொல்லமாட்டேன்.

செல்லபாய்